‘காசாபிளாங்கா’: முடிவு தெரியாமல் எடுத்த படமா, அரசு எடுக்கச் சொன்ன படமா?

கேட்டவர் இரண்டு செய்திகளைச் சொல்லி, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார். வார்னர் பிரதர்ஸ் 1942இல் எடுத்த ‘காசாபிளாங்கா’ படத்தின் முடிவு படப்பிடிப்பின் கடைசி நாள்வரை யாருக்கும் தெரியாது என்று ஒரு காணொளியில் கேட்டிருக்கிறார். அதே படம் அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதால் எடுக்கப்பட்ட போர்ப் பிரச்சாரம் என்று அவருடைய நண்பர் சொல்லியிருக்கிறார். இரண்டும் வெவ்வேறு செய்திகளாகத் தோன்றினாலும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் படம் இப்படி அமைந்ததற்கு யார் காரணம்? முதல் செய்தி தற்செயலைக் காரணமாக்குகிறது. இரண்டாவது அரசைக் காரணமாக்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரைப்பட வரலாறு கற்பித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டிலும் சிறிது உண்மை உண்டு, ஆனால் இரண்டும் படநிறுவனம் என்ற அமைப்பு எப்படி வேலை செய்தது என்பதை மறைத்துவிடுகின்றன.

முதலில் சான்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வார்னர் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அன்றாடப் படப்பிடிப்பு அறிக்கைகள், தேதியிட்ட திரைக்கதைப் பிரதிகள், தயாரிப்பாளர் அனுப்பிய குறிப்புகள் ஆகியவை அவற்றில் அடங்கும். நான் அந்தத் தாள்களை நேரில் பார்த்தவன் அல்லன். அவற்றிலிருந்து அச்சில் வந்தவற்றைப் படித்தவன். அந்த வாரமே தட்டச்சு செய்யப்பட்ட குறிப்பையும், முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நடிகரோ எழுத்தாளரோ நேர்காணலில் நினைவுகூர்ந்ததையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை. கீழே சொல்பவற்றில் எது எந்த வகை என்பதை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

அரசு எடுக்கச் சொன்ன படம் என்ற கூற்றைத் தேதிகளே தீர்த்துவிடுகின்றன. கதையின் மூலம், அதுவரை மேடையேறாத ஒரு நாடகம். மர்ரே பர்னெட் என்ற பள்ளி ஆசிரியர் 1938 கோடையில் ஐரோப்பாவுக்குச் சென்றார். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய சில மாதங்களில் வியன்னாவில் யூதர்கள் படும் பாட்டைக் கண்ணால் கண்டார். பிரான்சின் தென்கரையில், பல நாட்டு மக்கள் கூடும் ஓர் இரவு விடுதியில் கறுப்பினக் கலைஞர் ஒருவர் பியானோ வாசிப்பதையும் பார்த்தார். இந்த இரண்டையும் சேர்த்து 1940இல் ஜோன் ஆலிசனுடன் இணைந்து நாடகமாக எழுதினார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை. அந்தப் பிரதி வார்னர் நிறுவனத்தின் கதைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது 1941 டிசம்பர் 8ஆம் தேதி, அதாவது ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கி அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த மறுநாள். கதைப் பிரிவைக் கவனித்துவந்த ஐரீன் லீ அதை விடாமல் பரிந்துரைக்க, தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் 20,000 டாலருக்கு உரிமையை வாங்கினார். படப்பிடிப்பு 1942 மே 25இல் தொடங்கியது. போர்க்காலத் திரைப்படங்களைக் கண்காணித்த போர்த் தகவல் அலுவலகத்தை அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்தது 1942 ஜூன் 13இல்தான். கர்ப்பத்தில் இல்லாத பிள்ளை கதை சொல்லிக்கொடுத்தது என்று நம்புவதற்கு ஒப்பாகும், அந்த அலுவலகம் இந்தப் படத்தை எடுக்கச் சொன்னது என்பது.

அந்த அலுவலகத்துக்கு ஹாலிவுட்டில் செல்வாக்கே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அதன் திரைப்படப் பிரிவு 1942 கோடையில் படநிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டிக் கையேட்டைக் கொடுத்தது. இந்தப் படம் போரில் வெற்றிபெற உதவுமா என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் முதல் கோரிக்கை. திரைக்கதைகளை முன்கூட்டியே வாங்கிப் படிக்கவும் அது முயன்றது. ‘காசாபிளாங்கா’ ஏறக்குறைய முடிந்த நிலையில், 1942 அக்டோபரில் அந்தப் பிரிவு படத்தைப் பார்த்து எழுதிய மதிப்பீடு கிடைத்திருக்கிறது. அது பாராட்டாகவே இருக்கிறது. தனிமனித ஆசையைப் பொதுக் காரியத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று படம் சொல்வதும், மொராக்கோ நகரான காசாபிளாங்காவில் விடுதி நடத்தும் கதாநாயகன் ரிக், முன்பு எத்தியோப்பியாவிலும் ஸ்பெயினிலும் பாசிசத்துக்கு எதிராகச் செய்ததைக் குறிப்பிடுவதன் மூலம் இந்தப் போர் பேர்ல் துறைமுகத்தில் தொடங்கியது அல்ல என்று உணர்த்துவதும் அதற்குப் பிடித்திருந்தன. ஆனால் இது விளைந்த பயிரைப் பார்த்துச் சொன்ன பாராட்டு. விதைத்தவர் சொன்னது அல்ல.

அப்படியானால் அரசியல் எங்கிருந்து வந்தது? இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 1939 முதல் 1941 வரை நடந்தவை இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டன. பெரிய படநிறுவனங்கள் வெளிநாட்டுச் சந்தையை நம்பியிருந்தன. பிற நாடுகளின் மக்களையும் தலைவர்களையும் நியாயமாகக் காட்ட வேண்டும் என்று தொழிலின் சொந்தத் தணிக்கை விதி கூறியது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்த ஜெர்மன் துணைத் தூதர் கேயார்க் கிஸ்லிங் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு, நாஜிகளை விமர்சிக்கும் கதைகள் வரும்போதெல்லாம் முறையிட்டார். வார்னர் நிறுவனம் ஜெர்மன் சந்தையை 1930களின் நடுப்பகுதிக்கு முன்பே விட்டுவிட்டது, எம்.ஜி.எம்., பாரமவுன்ட், ஃபாக்ஸ் ஆகியவை 1940வரை அங்கே வியாபாரம் செய்தன. ஆகவே, நியூயார்க்கில் 1938இல் பிடிபட்ட ஜெர்மன் உளவாளிகளின் வழக்கை வைத்து, நாஜி என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய ஒரு படத்தை வார்னர் 1939இல் வெளியிட்டபோது, அது மற்றவர்கள் செய்யத் தயங்கிய காரியம். எம்.ஜி.எம். 1940இல் ‘தி மார்ட்டல் ஸ்டார்ம்’ படத்தில் ஹிட்லரின் ஜெர்மனியைக் காட்டியது. ஆனால் அதில்கூட யூதர் என்ற சொல்லே வராமல், ஆரியர் அல்லாதவர் என்று சுற்றிவளைத்துத்தான் பேசுவார்கள். அப்படியும் ஜெர்மனி அந்த நிறுவனத்தின் படங்களைத் தடைசெய்தது.

அமெரிக்காவுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. போரில் தலையிடக் கூடாது என்று வாதிட்ட செனட்டர் ஜெரால்ட் நை, 1941 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் நகரில் பேசியபோது, படநிறுவனங்கள் நாட்டைப் போருக்கு இழுக்கின்றன என்று குற்றம்சாட்டினார். நிறுவனத் தலைவர்களின் பிறப்பைச் சுட்டிய பேச்சு அது. யூத வெறுப்பு அதில் மறைந்திருக்கவில்லை. செப்டம்பர் 9இல் செனட் துணைக்குழு ஒன்று விசாரணையைத் தொடங்கியது. 1940 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்டை எதிர்த்து நின்று தோற்ற வெண்டல் வில்கி, படத்துறையின் வழக்கறிஞராக அங்கே வந்து அமர்ந்தார். குற்றம்சாட்டிய செனட்டர்களில் சிலர் தாங்கள் கண்டித்த படங்களைப் பார்த்ததே இல்லை என்பது வெளிப்பட்டதும் விசாரணையின் பல் உதிர்ந்தது. வார்னர் நிறுவனத் தலைவர் ஹாரி வார்னர் நேரில் வந்து, தம் நிறுவனம் உலகில் நடப்பதைத்தான் காட்டுகிறது என்று சாட்சியம் அளித்தார். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் விசாரணை அப்படியே கைவிடப்பட்டது. அரசு படநிறுவனத்தை ஏவியது என்ற நண்பரின் கூற்றுக்கு நேர்மாறான நிலை இது: நாடாளுமன்றத்தின் ஒரு பகுதி, போருக்கு மூன்று மாதம் முன்புவரை, இத்தகைய படங்களை எடுக்கக் கூடாது என்றுதான் மிரட்டியது. எடுத்த சூட்டோடு அரசு பயன்படுத்திக்கொண்ட படங்களும் உண்டு. எம்.ஜி.எம். 1942 ஜூனில் வெளியிட்ட ‘மிஸஸ் மினிவர்’ படத்தின் இறுதியில் வரும் பாதிரியாரின் உரையைத் துண்டறிக்கையாக அச்சிட்டு வீசச் செய்தார் ரூஸ்வெல்ட். அந்தப் படத்தின் படப்பிடிப்பும் பேர்ல் துறைமுகத்துக்கு முன்பே தொடங்கியதுதான்.

இனி, முடிவு தெரியாமல் எடுத்தார்கள் என்ற கதைக்கு வருகிறேன். இதில் உறுதியான பகுதி இது: படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதை முடியவில்லை. ஜூலியஸ், ஃபிலிப் எப்ஸ்டைன் என்ற இரட்டையர்கள் முதலில் எழுதினார்கள். இடையில், இயக்குநர் ஃபிராங்க் காப்ரா ராணுவத்துக்காக எடுத்த படங்களுக்காக அவர்கள் சில வாரங்கள் வாஷிங்டன் போனபோது ஹோவர்ட் காச் எழுதினார். காதல் காட்சிகளைப் பெயர் போடாமலே கேஸி ராபின்சன் திருத்தினார். பக்கங்கள் படப்பிடிப்புத் தளத்துக்குச் சுடச்சுட வந்தன. பழைய காதலன் ரிக்கையா, விடுதலைப் போராளியான கணவனையா, தான் யாரை அதிகம் காதலிப்பவளாக நடிக்க வேண்டும் என்று கேட்டபோது, இரண்டுக்கும் நடுவில் நடி என்று பதில் வந்ததாக, நாயகியாக நடித்த இங்ரிட் பெர்க்மன் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். அவர் பட்ட குழப்பத்தை நான் நம்புகிறேன். அந்த முகத்தில் தெரியும் ஊசலாட்டம் படத்துக்குப் பெரும் வரமாகவும் அமைந்தது.

ஆனால் நடிகைக்குத் தெரியாதது யாருக்கும் தெரியாதது ஆகிவிடாது. மூல நாடகத்திலேயே நாயகி விடுதலைப் போராளியோடு விமானம் ஏறுகிறாள்; ரிக் பின்தங்குகிறான். அதைவிட முக்கியமானது, ஜோசப் பிரீன் தலைமையில் இயங்கிய தணிக்கை அலுவலகம். அது அரசு அலுவலகம் அல்ல. படநிறுவனங்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்டது. அதன் முத்திரை இல்லாத படத்தைப் பெரிய திரையரங்குகளில் ஓட்ட முடியாது. கணவன் உயிரோடிருக்கும்போது ஒருத்தி அவனை விட்டுவிட்டுப் பழைய காதலனோடு போவதை அந்த விதிகள் நல்ல முடிவாக அனுமதித்திருக்கவே மாட்டா. பாரிஸில் ரிக்கோடு பழகிய காலத்தில் கணவன் இறந்துவிட்டான் என்று அவள் நம்பியிருந்தாள் என்பதைப் படம் அழுத்திச் சொல்வதும், காவல் அதிகாரி ரெனோ வெளியேறும் அனுமதிக்குப் பெண்களிடம் என்ன விலை கேட்கிறார் என்பது பூடகமாகவே நின்றுவிடுவதும் பிரீன் அலுவலகத்தின் கைவேலை. எனவே என்ன நடக்கும் என்பதில் பெரிய ஐயம் இருந்திருக்க வழியில்லை. எப்படி நடக்கும் என்பதில்தான் எழுத்தாளர்கள் திணறினார்கள்: ரிக் ஏன் விட்டுக்கொடுக்கிறான், அவள் ஏன் ஒப்புகிறாள், ஜெர்மன் அதிகாரியைச் சுட்ட பிறகு அவன் எப்படிக் கைதாகாமல் தப்புகிறான் என்பவை. கடைசிச் சிக்கலுக்கான விடை, காரில் போய்க்கொண்டிருந்தபோது தனக்கும் சகோதரனுக்கும் ஒரே நொடியில் தோன்றியது என்று ஜூலியஸ் எப்ஸ்டைன் பிற்காலத்தில் சொன்னார். இது நினைவு வகைச் சான்று. இனிமையான நினைவு, அவ்வளவுதான் சொல்லலாம்.

கடைசி நாள் என்ற பகுதியோ தெளிவாகத் தவறு. விமான நிலையப் பிரிவுக் காட்சி எடுக்கப்பட்டது ஜூலை நடுவில். அந்த நாள்களில் இயக்குநர் மைக்கேல் கர்ட்டீஸும் ரிக்காக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்டும் நெடுநேரம் வாக்குவாதம் செய்ததால் வேலை தாமதமானது என்று அன்றைய அறிக்கையே கூறுகிறது. படப்பிடிப்பு முடிந்தது ஆகஸ்ட் 3இல். கடைசியில் சேர்ந்தது ஒன்றே ஒன்று: ரிக்கும் ரெனோவும் மூடுபனிக்குள் நடந்து செல்லும்போது ரிக் நட்பைப் பற்றிச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வரி. அதை எழுதியவர் எழுத்தாளர்களில் எவரும் அல்லர், வாலிஸ். ஆகஸ்டில் இரண்டு வரிகளை எழுதிக் கொடுத்து, இரண்டையும் போகார்ட் குரலில் பதிவுசெய்யச் சொல்லி, பிறகு ஒன்றைத் தேர்ந்தார். முதுகைக் காட்டி நடப்பதால் உதட்டசைவு ஒரு தடையாகவில்லை.

வாலிஸ் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கால அமைப்பில் ஒரு படத்தின் நூல்களெல்லாம் வந்து சேரும் இடம் தயாரிப்பாளரின் மேசை. நடிகர்கள் ஏழாண்டு ஒப்பந்தத்தில் இருந்தார்கள்; கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளம் நிறுத்தப்படும், நின்ற நாள்கள் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டப்படும். நிறுவனங்கள் தங்களுக்குள் அவர்களை மாற்றிக்கொண்டன. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கிடம் ஒப்பந்தத்திலிருந்த பெர்க்மனைப் பெற, வார்னர் பதிலுக்குக் கொடுத்தது நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டை. பின்னாளில் அதே டி ஹாவிலண்ட்தான் வார்னர் மீது வழக்குத் தொடுத்து, நின்ற நாள்களைச் சேர்த்து ஒப்பந்தத்தை நீட்டுவது செல்லாது என்று 1944இல் கலிஃபோர்னிய நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார். இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது அவரை நினைக்காமல் கடக்க எனக்கு மனம் வருவதில்லை. ரிக் வேடத்துக்கு ரொனால்ட் ரீகனைத்தான் முதலில் நினைத்தார்கள் என்பதும் இந்த இயந்திரத்தைப் புரிந்துகொள்ளாததால் பரவிய கதை: 1942 ஜனவரியில் விளம்பரப் பிரிவு அப்படி ஓர் அறிவிப்பு விட்டது உண்மை, ஆனால் ரீகனுக்கு ராணுவ அழைப்பு காத்திருந்தது, வாலிஸ் பிப்ரவரியிலேயே போகார்ட்டை உறுதிசெய்துவிட்டார்.

போரின் நெருக்கடி கதையைவிட அரங்குகளில்தான் நேராகத் தெரிகிறது. ஒரு படத்தின் அரங்குகளுக்குப் புதிய பொருள்களாக 5,000 டாலருக்கு மேல் செலவிடக் கூடாது என்று போர் உற்பத்தி வாரியம் 1942இல் வரம்பிட்டது. ஆகையால் வேறொரு பாலைவனப் படத்துக்குப் போட்ட தெருக்கள் மொராக்கோத் தெருக்கள் ஆயின. லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் விமான நிலையத்தில் எடுத்த ஒரு பகுதி தவிர, ஏறக்குறைய எல்லாமே பர்பேங்க் நகரிலுள்ள படநிறுவன வளாகத்துக்குள் எடுக்கப்பட்டன. கடைசிக் காட்சியின் விமானம்கூடக் கூடத்துக்குள் நிற்கும் சிறிய மாதிரி. அது பெரிதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகக் குள்ளமான மனிதர்களைப் பணியாளர்களாக நிறுத்தி, பனிமூட்டத்தால் மறைத்தார்கள். இவ்வளவு சிக்கனத்திலும் செலவு 10 லட்சம் டாலரைச் சற்றே தாண்டியது.

தற்செயலும் அல்லாத, அரசும் அல்லாத, படநிறுவனத்தின் திறமையாலும் மட்டும் விளக்க முடியாத ஒன்று இந்தப் படத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன். பெயர் போடப்பட்ட நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் போகார்ட், டூலி வில்சன், ஜாய் பேஜ் என்ற மூவர் மட்டுமே. நாஜி மேஜராக நடித்த கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர். படம் நாடெங்கும் வெளியான மூன்றாவது மாதம் இறந்தார். தலைமைப் பரிசாரகராக வரும் சாகாலின் மூன்று சகோதரிகள் வதைமுகாம்களில் மாண்டார்கள். சூதாட்ட மேசையில் நிற்கும் மார்செல் டாலியோ பிரான்சில் பெரிய நடிகர். யூதரின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நாஜிகள் பாரிஸில் ஒட்டிய சுவரொட்டிகளில் இருந்தது அவருடைய முகம்; இங்கே அவர் பெயர்கூட எழுத்தில் வரவில்லை. அவரும் அன்றைய மனைவி மட்லேன் லெபோவும் லிஸ்பன் வழியாகத் தப்பியபோது, கையிலிருந்த சிலி நாட்டு விசா போலி என்று தெரிந்து மெக்சிகோவில் தவித்தவர்கள். படத்தில் அனுமதித் தாளுக்காக அலைபவர்களின் கதை அவர்களுக்குக் கதை அல்ல. இத்தனைக்கும், 1942 மார்ச் முதல் கலிஃபோர்னியாவில் ஜெர்மன் குடிமக்கள் எதிரிநாட்டார் என்று கருதப்பட்டு, இரவு 8 மணிக்குள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஊரடங்கில் இருந்தார்கள். ஹிட்லரிடமிருந்து ஓடிவந்தவர்களுக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை.

ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாடலைப் பாட, விடுதியிலிருப்பவர்கள் பிரெஞ்சு தேசிய கீதத்தால் அதை அமிழ்த்தும் காட்சியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கண்ணீரோடு பாடும் பெண் லெபோ. சுற்றிலும் இருந்த துணை நடிகர்களில் பாதிப் பேர் அழுதார்கள், அவர்கள் மெய்யான அகதிகள் என்று தனக்கு அப்போதுதான் உறைத்தது என்று உடன் நடித்த டான் சீமோர் பின்னர் கூறினார். இதுவும் நினைவு வகைச் சான்றுதான். ஆனால் இதைத் திரையே உறுதிசெய்கிறது என்பது என் கருத்து. அந்தக் கண்ணீரை எந்த அலுவலகமும் கையேடு எழுதி வரவழைத்திருக்க முடியாது. எழுதி முடிக்காத திரைக்கதையின் அதிர்ஷ்டமும் அல்ல அது.

வெளியீட்டில் மட்டும் தற்செயலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1942 நவம்பர் 8இல் நேசநாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. காசாபிளாங்கா என்ற பெயர் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. ரிக்கும் ரெனோவும் படையோடு கப்பலில் வருவதுபோல ஒரு முடிவைப் புதிதாக எடுத்து ஒட்டலாமா என்று வார்னர் யோசித்தது. படத்தைப் பார்த்த செல்ஸ்னிக், இதைத் தொட்டால் பெரும் பிழையாகும், உடனே வெளியிடுங்கள் என்று வற்புறுத்தினார். நவம்பர் 26இல் நியூயார்க்கில் முதல் காட்சி. 1943 ஜனவரி 23இல் நாடெங்கும் வெளியானபோது ரூஸ்வெல்டும் சர்ச்சிலும் அதே காசாபிளாங்காவில் மாநாடு நடத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அறிவிக்கப்பட்டபோது, வாலிஸ் எழுந்து வருவதற்குள், படநிறுவன வளாகத்தை நடத்திவந்த ஜாக் வார்னர் முந்திக்கொண்டு மேடையேறிப் பரிசைப் பெற்றார். அந்தப் புண் ஆறாமல் வாலிஸ் 1944இல் நிறுவனத்தைவிட்டு வெளியேறினார்.

நண்பரிடம் சொல்ல வேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. படத்தைப் பாராட்டிய அதே போர்த் தகவல் அலுவலகம், அதை வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப மறுத்துவிட்டது. ஜெர்மனிக்குப் பணிந்த விஷி ஆட்சியின் பழைய அதிகாரிகளோடுதான் அமெரிக்கப் படை அங்கே ஒத்துப்போக வேண்டியிருந்தது. ரெனோ விஷி என்று பெயர் ஒட்டிய தண்ணீர்ப் புட்டியைக் குப்பைக்கூடையில் போட்டு உதைக்கும் ஒரு படத்தை அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டினால் மனக்கசப்பு வளரும் என்று அந்த அலுவலகம் அஞ்சியது.